'நாட் ஐடியல்'னு எழுதினான்னா நடுங்கணும் மக்கா

எலே மக்கா, நீ லண்டன்காரனுக்கு அனுப்பின மெயிலை உன் அம்மை போன்ல காட்டினா. பிள்ளை இங்கிலீசு எழுதியிருக்கதைப் பாருங்கன்னு அவளுக்கு ஒரே பெருமை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுகிட்டு ரெண்டு தடவை படிச்சேன். உங்க சர்வரு இருபது நிமிசம் படுத்துப் போச்சு, அவ்வளவுதானே சங்கதி? அதுக்கு 'எக்ஸ்ட்ரீம்லி சாரி'ங்கே, 'டீப்லி ரிக்ரெட்'ங்கே, 'ஹ்யூஜ் இன்கன்வீனியன்ஸ்'ங்கே, 'ஷாக்கிங் இன்சிடென்ட்'ங்கே. எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை பேருக்கு வேலை நின்னுது, எதனால நின்னுது, இப்ப எந்திரிச்சுதா இல்லியா, அதைத்தான் நான் தேடினேன். கடைசி வரியில எந்திரிச்சுதுங்கது மட்டும் அகப்பட்டுது. படிச்சு முடிச்சப்போ டெக்னோபார்க்குல யாரோ செத்துப் போனாங்கன்னுதான் தோணிச்சு. துட்டி கேக்கப் போகணுமான்னு கேட்டேன். உன் அம்மை முறைச்சா.

அவன் அனுப்பின பதிலு அதைவிடக் கொள்ளாம். 'தேங்க்ஸ் ஃபார் லெட்டிங் அஸ் நோ. திஸ் இஸ் நாட் ஐடியல்.' அத்தோட முடிச்சிட்டான். நீ உடனே, "பாட்டா, அவன் கோவப்படல்லே"ன்னு வந்து நிக்கே! வெள்ளைக்காரன் ஒருத்தன் 'நாட் ஐடியல்'னு எழுதினான்னா நாக்காலியை விட்டு எந்திரிச்சுட்டான்னு அர்த்தம். 'எ லிட்டில் டிஸப்பாயின்டட்'னு அடுத்த மெயிலு வந்தா நீ வேற கம்பெனிக்கு மனு எழுதத் தொடங்கலாம். 'வித் ரெஸ்பெக்ட்'னு ஆரம்பிச்சான்னா அந்த ரெண்டு வார்த்தையோட மரியாதை தீந்து போச்சு. உன் யோசனையைக் கேட்டுட்டு 'பிரேவ்'னு சொன்னான்னா, கிறுக்குப் பயலேன்னு சொல்லுகான். நீ அதை வெட்டி ஒட்டி அப்ரைசல்ல போட்டிராதே.

இந்தக் கிழடுக்கு இங்கிலீசைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பே. நினைச்சுக்கோ. பூதப்பாண்டியில வயலும் தோப்புமா கெடந்த ஆளுதான் நான். திருவனந்தபுரத்துல கரமனைக்குக் குடிவந்து ஏஜீஸ் ஆபீசுல தணிக்கைக் குமாஸ்தாவா உக்காந்த பொறவுதான் எனக்கு இங்கிலீசு பிடிபட்டுது. ஸ்டாச்சு ஜங்ஷன்ல திவான் மாதவராவு சிலையா நிக்காருல்லா? 1857-லேருந்து 1872 வரைக்கும் திருவிதாங்கூரை ஆட்டிப் படைச்ச மனுசன். இப்ப செக்ரட்டேரியட்டைப் பாத்தபடிக்கு வாயைத் திறக்காம நிக்காரு. தணிக்கைக்காரன் வேலையும் அதுதான். என்ன, நாங்க பாத்ததை எழுதியும் வச்சிருவோம்.

அந்த எழுத்து எப்படிங்கே? ஹாஃப் மார்ஜின்னு ஒண்ணு உண்டு. தாளைப் பாதியா மடிச்சு, ஒரு பாதியில நாங்க கேள்வி எழுதணும், மத்தப் பாதியில டிப்பார்ட்மென்ட்காரன் பதில் எழுதணும். பாதித் தாளுதான் உனக்குக் கெடைக்கும்னா பெருமூச்சு விட எடம் ஏது? ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில நாப்பது லட்சத்துக்கு ஒரு மிஷினு வாங்குகாங்க. அதுக்கு வேண்டிய கரண்டு லைனு இழுக்கல்லே. பெட்டி பிரிக்காம வராந்தாவுல கெடக்கு. மூணு வருசம் கழிச்சு நாம போய்ப் பாத்தா பெட்டி மேல ஈரக் குடை காயுது. நீயா இருந்தா 'ஷாக்கிங்', 'க்ரிமினல் நெக்லிஜென்ஸ்', 'பப்ளிக் மணி'ன்னு ஆடித் தீத்திருப்பே. நாங்க எழுதுகது இப்படி: இன்ன தேதியில இவ்வளவு ரூபாய்க்கு வாங்கியது. மின் இணைப்புக்கு எஸ்டிமேட் கேட்டுக் கடிதம் போனது, மிஷினு வந்து பதினாலு மாசம் கழிச்சு. வாரண்டி முடிஞ்சது இன்ன தேதி. தணிக்கை அன்னிக்கு மிஷினு பிரிக்காத பெட்டியில் காணப்பட்டது.

நாலே வரி. எந்தப் பெயருக்கு முன்னாலயும் அடைமொழி கெடையாது. குடையைக்கூட விட்டாச்சு. அதைப் படிச்ச சூப்பிரண்டுக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்காது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது'ன்னு மறுபாதியில எழுதிக் குடுப்பான். அதுக்கு மேல நாங்க, 'தி ரிப்ளை இஸ் நாட் டெனபிள்'. அவன் இன்னும் ரெண்டு பக்கம் எழுதினா, 'தி ஃபேக்ட் ரிமெயின்ஸ் தட் தி மிஷின் வாஸ் லையிங் ஐடில்.' உலகத்துல இதைவிடக் கொடூரமான வசவு ஒண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியல்லே. இது பெருசாச்சுன்னா டிராஃப்ட் பாரா ஆகும். பதில் சொல்ல செக்ரட்டரிக்கு ஆறு வாரம். அதுவும் போதல்லேன்னா அரசியல் சாசனத்து 151-ஆம் பிரிவுப்படி கவர்னர் வழியா சட்டசபைக்குப் போகும். அங்க எதிர்க்கட்சிக்காரன் அதே நாலு வரியைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு ஷாக்கிங், க்ரிமினல்னு நீ எழுதினதை எல்லாம் கத்துவான். கத்துகதுக்குன்னு சம்பளம் வாங்கின ஆளு அங்க தனியா இருக்கான் மக்கா. எழுதுகவன் அவன் வேலையையும் சேத்துப் பாக்கப்பிடாது.

சாலைக் கடையில நல்லமிளகு நிறுக்கவனைப் பாத்திருக்கியா? படிக்கல்லை வச்சுட்டு அவன் கையை எடுத்திருவான். கை தட்டுலயே இருந்தா வாங்க வந்தவன் சந்தேகப்படுவான். உன் 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி' எல்லாம் தட்டுல வச்ச கை. மொதல்ல கல்லு இருக்கணும், அதுவும் முக்கியம். சும்மா மெல்லிசா எழுதினாப் போதும்னு கல்லே இல்லாத தட்டைக் காட்டிராதே.

விமானக் கதை ஒண்ணு கேளு. 1982 ஜூன் 24 ராத்திரி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு கோலாலம்பூர்லேருந்து பெர்த்துக்குப் போய்கிட்டிருக்கு. ஆளு 263. ஜாவாத் தீவுல கலுங்குங் எரிமலை கக்கின சாம்பலுக்குள்ள தெரியாம பூந்துட்டாங்க. ஒண்ணொண்ணா நாலு எஞ்சினும் அணைஞ்சு போச்சு. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்து என்ன சொன்னாருங்கே? சின்னதா ஒரு பிரச்சினை இருக்கு, நாலு எஞ்சினும் நின்னு போச்சு, திரும்ப ஓட வைக்க எங்களால ஆன மட்டும் பாத்துகிட்டிருக்கோம், உங்களுக்கு ரொம்பச் சங்கடமா இருக்காதுன்னு நம்புகேன். அவ்வளவுதான் சாரம். எஞ்சின் திரும்ப ஓடிச்சு, பொறவு அதுலயும் ஒண்ணு மக்கர் பண்ணிச்சு, சாம்பல் தேய்ச்சு மங்கிப்போன கண்ணாடி வழியாத் தட்டுத் தடுமாறி ஜகார்த்தாவுல எறக்கிட்டாரு. ஒரு உயிர் போகல்லே.

எல்லாரும் அந்த 'சின்னப் பிரச்சினை'யைத்தான் சொல்லிச் சிரிப்பாங்க. நீ அதை விட்டுட்டு அடுத்த வரியைப் பாரு. நாலு எஞ்சினும்! மூணு இல்லே, 'சில எஞ்சின்களில் தொழில்நுட்பக் கோளாறு' இல்லே. விசயத்தை ஒரு அணா குறைக்காம சொல்லிட்டாரு. குறைச்சது தன் பதட்டத்தைத்தான். நீ பதட்டத்தை முழுசாப் போட்டு விசயத்தைக் குறைச்சிருக்கே. தலைகீழாப் பிடிச்சிருக்கே டே.

விசயத்தையே குறைச்சா அது வேற சரக்கு. அதுக்குப் பேரு மூடி மறைக்கது. 1945 ஆகஸ்டு 15 அன்னிக்கு ஜப்பான் சக்கரவர்த்தி ரேடியோவுல பேசினாரு. ரெண்டு ஊரு அணுகுண்டுல சாம்பலாயிருக்கு. போர் நிலவரம் ஜப்பானுக்கு அனுகூலமாத்தான் மாறியிருக்குன்னு சொல்ல முடியாதுங்க மாதிரி ஒரு வாக்கியம். சரணடையுதோம்னு நேராச் சொல்லவே இல்லே. கேட்டவங்கள்ல பல பேருக்கு ஜெயிச்சோமா தோத்தோமான்னே விளங்கல்லே. உங்க கம்பெனியில ஆளை வெளியே அனுப்புகப்போ 'ரைட்சைசிங்'னு மெயில் வரும்லா, அது இந்த வம்சம். கேப்டன் மூடி வம்சம்னு நினைச்சு ஏமாந்திராதே.

அப்புறம் இப்படிப் பதட்டத்தைக் குறைச்சுச் சொல்லுகது ஏதோ அடக்கம், பணிவு, தன்னடக்கச் செம்மல்னு ஒரு நினைப்பு இருந்தா அதையும் கழட்டி வை. 1953 ஏப்ரல்ல வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' பத்திரிகையில டி.என்.ஏ-வுக்க முறுக்கு ஏணியை வரைஞ்சு, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல எழுதினாங்க. உயிரு எப்படித் தன்னைத்தானே நகல் எடுக்குங்க ரகசியம் அதுக்குள்ள இருக்கு. அதை எப்படிச் சொன்னாங்க? இந்த அமைப்பு அப்படி ஒரு நகல் எடுக்க வழியைக் காட்டுது, அது எங்க கண்ணுக்குத் தப்பிப் போகல்லே. இதுல பணிவு எங்க இருக்கு? முழுத் திமிரு. 'எங்களுக்குத் தெரியும்லே, நீங்க மண்டையை உடைச்சுக்கோங்க' அப்படிங்க திமிரு. ஆனா ஒரு பயலும் குத்தம் சொல்ல முடியாது. இங்கிலீசுக்காரன் இந்த வித்தையில ஆள் கெட்டிக்காரன்.

எல்லா இங்கிலீசுக்காரனும் இல்லேன்னும் சொல்லணும். எட்வர்டு புல்வர் லிட்டன்னு ஒருத்தர் இருந்தாரு. 1830-ல 'பால் கிளிஃபோர்டு'ன்னு ஒரு நாவல் எழுதினாரு. இருட்டு, மழை, காத்து, தெரு, விளக்கு எல்லாத்தையும் மொத வாக்கியத்துலயே கொட்டி, நடுவுல ஒரு அடைப்புக்குறியும் போட்டு முடிச்சாரு. கலிபோர்னியாவுல சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க 1982-ல அவர் பேராலயே ஒரு போட்டி தொடங்கினாங்க. வேணும்னே படு மோசமா ஒரு மொத வரி எழுதுகவனுக்குப் பரிசு. உன் மெயிலை அனுப்பியிருந்தா கையில ஏதாவது தேறியிருக்கும். இவருக்க மகன்தான் இந்தியாவுக்கு வைஸ்ராயா வந்த லிட்டன் பிரபு. 1878-ல தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டவரு. அப்பன் எழுதித் தள்ளினாரு, மகன் மத்தவனை எழுத விடல்லே. குடும்பத்துல கணக்கு எப்படியோ நேராயிட்டுது.

அப்பன் லிட்டன்கிட்ட நம்ம ஊருக்காரரு ஒருத்தரு கடன் வாங்கினாரு, தெரியுமா? மகாராஜா காலேஜுல தத்துவம் சொல்லிக் குடுத்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. இப்ப பாளையத்துல யுனிவர்சிட்டி காலேஜுன்னு நீ பைக்குல தாண்டிப் போறியே, அதுதான். பேரூர்க்கடைப் பக்கம் ஹார்விபுரத்துல இருந்தாரு. லிட்டனுக்க 'தி சீக்ரெட் வே'ங்க கதையை எடுத்து 1891-ல 'மனோன்மணீயம்' நாடகமாக்கினாரு. அதுல உள்ள வாழ்த்துப் பாட்டைத்தான் தமிழ்நாட்டுல 1970-லேருந்து தமிழ்த்தாய் வாழ்த்தா எந்திரிச்சு நின்னு பாடுகாங்க. அந்த மனுசனுக்குத் தமிழ்ல கடலும் நிலமும் அணிகலனும் எல்லாம் வேணும், அது பாட்டு, அதுக்கு அதுதான் அழகு. அதே கை இங்கிலீசுல திருவிதாங்கூருக்க பழைய ராஜாக்களைப் பத்தி எழுதினப்போ கல்வெட்டு, அது கெடைச்ச எடம், ஆண்டு, அதுலேருந்து என்ன சொல்ல முடியும்னு ஒவ்வொரு படியா எறங்கிப் போகும். கதையை லிட்டன்கிட்ட வாங்கினவரு, நல்ல வேளை, உரைநடையை வாங்கல்லே. எங்க எதைப் போடணும்னு தெரிஞ்ச ஆளு.

நமக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்லாதே. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கியே. அவியல், எரிசேரி, புளிசேரி எல்லாம் தாண்டி, சக்கப்பிரதமனை மூணு தடவை வாங்கி, இலையை வழிச்சு நக்கிட்டு ஏப்பம் விட்டுகிட்டு எந்திரிக்கான் ஒருத்தன். தவசிப்பிள்ளை வந்து, "எப்படி இருந்தது?"ன்னு கேப்பான். "குறை சொல்லுகதுக்கு இல்லே." தவசிப்பிள்ளைக்கு மூஞ்சி மலர்ந்திரும். அடுத்த முகூர்த்தத்துக்குக் கூலியை ஏத்திக் கேப்பான். இந்த ஆளுக பேரனுகதான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்ததும் 'அமேசிங்', 'ஆசம்', 'சூப்பர் எக்ஸைட்டட்'னு துள்ளுகானுக. எங்க படிச்சானுகளோ.

தும்பைக்கு வா. கடற்கரை மாதாகோயிலை ஆபீசா வச்சு, 1963 நவம்பர் 21 அன்னிக்கு மொத ராக்கெட்டு விட்ட எடம். அந்த வட்டாரத்து எஞ்சினியருங்க இங்கிலீசைப் படி, பாடமே அதுல இருக்கு. 2021 ஆகஸ்டு 12, விடிகாலை 5:43-க்கு ஜி.எஸ்.எல்.வி-எஃப்10 ராக்கெட்டு கெளம்பிச்சு. மேலடுக்கு கிரையோஜெனிக் எஞ்சின் தீப்பிடிக்கல்லே. வலியமலையில இஸ்ரோவுக்க எல்.பி.எஸ்.சி மையத்துல எத்தனை பேரு எத்தனை வருசம் உழைச்ச சாதி எஞ்சின் அது! இஸ்ரோ சொன்னது என்ன? ரெண்டு அடுக்கு சரியா ஓடிச்சு, கிரையோஜெனிக் அடுக்கு பத்தவைக்கது நடக்கல்லே, உத்தேசிச்ச மாதிரி பணியை முடிக்க முடியல்லே. ஒரு கண்ணீர்த் துளி கெடையாது. எந்த அடுக்கு, எது நடக்கல்லே, முடிவு என்ன, எல்லாம் இருக்கு.

அதுக்கு ரெண்டு வருசம் முன்னால நம்ம சரக்கல்விளைக்காரர் சிவன். நாகர்கோவில் பக்கத்து விவசாயி மகன், தும்பையில விக்ரம் சாராபாய் மையத்துக்கு டைரக்டரா இருந்துட்டு இஸ்ரோ தலைவரானவரு. 2019 செப்டம்பர் 7, நடு ராத்திரி தாண்டி, சந்திரயான்-2-க்க லேண்டர் நிலாவுல எறங்குகப்போ தொடர்பு அத்துப் போச்சு. நாடே டி.வி முன்னால முழிச்சுகிட்டு இருக்கு, பிரதமரு பக்கத்துல இருக்காரு. மைக்குல சிவன் சொன்னது: எறங்கினது திட்டப்படி, 2.1 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் எல்லாம் வழக்கம்போல, பொறவு லேண்டரோட தொடர்பு அத்துப் போச்சு, டேட்டாவை ஆராய்ஞ்சுகிட்டிருக்கோம். விடிஞ்ச பொறவு பிரதமருக்க தோளுல சாஞ்சு அந்த மனுசன் விம்மினதையும் நாடு பாத்துது. ராத்திரி பேசினவனுக்கு மனசு கல்லுன்னு யாரும் சொல்ல முடியாது. அழுகதுக்கு வேற நேரம் வச்சிருந்தாரு, அவ்வளவுதான். 2.1-ங்க அந்தப் புள்ளி ஒண்ணு போதும். நிலா இவ்வளவு பக்கத்துல வந்து கைவிட்டுதேன்னு நாம எல்லாரும் நம்ம வீட்டுல அழுதோம். 'மிக மிக அருகில்'னு அவர் சொல்லியிருந்தா நான் டீ போடப் போயிருப்பேன்.

கவிதையிலயும் இந்த வித்தை உண்டு. கவடியார்ப் பக்கம் டி.கே.துரைசாமின்னு ஒரு சாரு இருந்தாரு. மார் இவானியோஸ் காலேஜுல இங்கிலீசு வாத்தியாரு. தமிழ்ல நகுலன்னு எழுதினாரு, இங்கிலீசுலயும் கவிதை எழுதினாரு. 2007-ல காலமானாரு. அவருக்க ராமச்சந்திரன் கவிதையைத் தேடிப் படி. வாசிக்க உனக்கு அரை நிமிசம் ஆகாது. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேக்காமலே விட்டுட்டு கவிதையை முடிச்சிருவாரு. நாப்பது வருசமா அதை வச்சு ஆளுக கட்டுரை எழுதிகிட்டிருக்கான். நீ நாலு பக்கம் எழுதி, அதை வச்சு ஒருத்தனும் நாலு வரி எழுதல்லே.

இனி ஆபத்தையும் சொல்லிருகேன். கொரியாவுல 1951 ஏப்ரல், இம்ஜின் ஆத்தங்கரை. பிரிட்டிஷ் படையைச் சீனாக்காரன் அலை அலையா வந்து சூழ்ந்துட்டான். பிரிகேடியர் டாம் பிரோடி மேல உள்ள அமெரிக்க ஜெனரலுக்கு நிலவரம் சொல்லுகாரு: 'எ பிட் ஸ்டிக்கி.' இன்னொரு இங்கிலீசுக்காரன் கேட்டிருந்தா பீரங்கி, விமானம் எல்லாத்தையும் கெளப்பிகிட்டு ஓடி வந்திருப்பான். அமெரிக்கனுக்கு அது, கொஞ்சம் பிசுபிசுப்பு, சமாளிச்சுருவாங்கன்னு கேட்டுதுன்னு சொல்லுவாங்க. உதவியும் வந்து சேரல்லே, பின்வாங்க உத்தரவும் நேரத்துக்கு வரல்லே. குளோஸ்டர்ஷயர் பட்டாலியன்ல மலையிலேருந்து தப்பி வந்தது சில பத்துப் பேரு. மத்தவன் செத்தான், இல்லேன்னா பிடிபட்டான். பிரோடி சொன்னதுல எஞ்சின் எண்ணிக்கை இல்லே, பாத்தியா. எத்தனை பேரு சூழ்ந்திருக்கான், எத்தனை குண்டு பாக்கி இருக்குன்னு சொல்லிட்டுப் பொறவு 'ஸ்டிக்கி'ன்னிருந்தா அமெரிக்கனுக்கும் விளங்கியிருக்கும்.

அதனால லண்டன்காரனுக்கு எழுதுகப்போ எழுது: 'தி சர்வர் வாஸ் டவுன் ஃபார் ட்வென்டி மினிட்ஸ், ஃப்ரம் டென் ஃபார்ட்டி.' எத்தனை ஆர்டர் நின்னுதுன்னு எண்ணிப் போடு. காரணம் ஒரு வரி. மறுபடி வராம இருக்க என்ன செஞ்சேங்கது ஒரு வரி. 'வி ஆர் நாட் ப்ரவுட் ஆஃப் இட்'னு வேணும்னா கடைசியில ஒண்ணு போட்டுக்கோ, மன்னிப்பு அதுலயே அடங்கிரும்.

ஆனா இந்தக் கிழவன் சொன்னானேன்னு எல்லா எடத்துலயும் இதை எறக்கிராதே. உன் மேனேஜரு கொச்சிக்காரன். அப்ரைசல் ஃபாரத்துல நீ 'மை இயர் வாஸ் நாட் பேட்'னு எழுதினா, அவன் அதை அப்படியே நம்பி இன்கிரிமென்டையும் நாட் பேடா போட்டிருவான். அங்க கணக்கைப் போடு, தடிச்ச எழுத்துல போடு. பொண்ணு வீட்டுக்காரங்க சமையலைப் பத்திக் கேட்டா, "குறை சொல்லுகதுக்கு இல்லே"ன்னு நீ சொல்லி, அவங்க கொல்லத்துக்காரங்களா இருந்துட்டா, அத்தோட சம்பந்தம் முறிஞ்சு போகும். அங்க கூசாம 'பிரமாதம்'னு ரெண்டு தடவை சொல்லு.

நம்ம குடும்பத்து ஆம்பிளைகளுக்கு வேற ஒரு சீக்கு உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு மாரு அடைச்சு, வேர்த்து ஊத்தி, இடது கை செத்துக் கெடந்தாலும், "கொஞ்சம் வாயுன்னு தோணுது, காலையில பாப்போம்"பாங்க. என் மூத்த அண்ணன் அப்படித்தான் சொன்னாரு. அந்த நேரத்துல இலக்கியம் கூடாது மக்கா. 108-ஐ விளி, மெடிக்கல் காலேஜு கேஷுவாலிட்டியில போய் நெஞ்சைப் பிடிச்சுகிட்டு ஊரு கேக்கக் கத்து. அங்க போய் 'ஐ ஆம் எ பிட் அன்கம்ஃபர்ட்டபிள்'னு நின்னியோ, சீட்டு ஒண்ணைக் கிழிச்சுக் குடுத்து, அந்தப் பெஞ்சுல போய் இருன்னு சொல்லிருவான்.